நாலாவது டயருக்குப் பொட்டு

பிணம் சீட் பெல்ட் போட்டிருந்தது!

உயிரோடு இருப்பவர்களே பெல்ட் போடாத ஊரில் இது அதிசயம்தான். ஆனால் அந்தக் காரில் வேறு வழி கிடையாது. போடுகிற வரைக்கும் அது கத்திக்கொண்டே இருக்கும். ஜெர்மன்காரன் அப்படிப் பழக்கி அனுப்பியிருக்கிறான்.

எட்டு ஏர்பேக்குகளும் ஒழுங்காக விரிந்திருந்தன.

என்ன பிரயோஜனம்?

ஜமுனாமரத்தூரிலிருந்து கீழே இறங்கும் மலைப்பாதை. ஏழாவது கொண்டை ஊசி வளைவு. தடுப்புச் சுவரில் பெரிய ஓட்டை. அதற்கு நேர் கீழே எண்பது அடி ஆழத்தில், ஒரு பாறையின் மேல் வலப்பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தது அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. நானூறு குதிரை சக்தி. இப்போது அதில் ஒரு கழுதைகூட மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி.

முதலில் பார்த்தவள் குப்பம்மா. கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குள் வந்தவள். அவள் அலறவில்லை, மயங்கி விழவில்லை. மேலே ஏறி, செல்போனில் ஒரு கோடு சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்று, போலீசுக்குத் தகவல் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் கடுக்காய் பொறுக்கப் போய்விட்டாள். பிழைப்பை விட்டுவிட்டுப் பிணத்துக்குக் காவல் இருக்க முடியுமா?

சப்-இன்ஸ்பெக்டர் ரேணுகாதேவி செடிகளைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். முப்பத்து நாலு வயது. பேச்சில் மிளகாய்ப்பொடி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அவளுக்குப் பின்னால், தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டு, ஏட்டு கோபால்சாமி இறங்கினார்.

"ஆள் யாருன்னு தெரியுதா ஏட்டய்யா?"

"மூஞ்சியைப் பாக்கவே வாணாம் மேடம். காரைப் பாத்தாலே தெரியுது. ஒடுகத்தூர் தனசேகரன்."

தெரியாமல் இருக்குமா!

தனசேகரன், கடலை எண்ணெய் மில் முதலாளி. வயது ஐம்பத்திரண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தக் காரை வாங்கினார். அன்றிலிருந்து ஒடுகத்தூர் ஜனங்களுக்கு டிவி தேவைப்படவில்லை.

கார் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஓடும். வேகத்தடை வந்தால் நேராக ஏறாது. அடிவயிறு உரசிவிடும் என்று குறுக்கே நெளிந்து நெளிந்து ஏறும். அது ஏறி முடிப்பதற்குள் பின்னால் இரண்டு பஸ்ஸும் நாலு ஆட்டோவும் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்.

சர்வீஸ் என்றால் சென்னையிலிருந்து லாரி வந்து, மாப்பிள்ளையை அழைத்துப் போவதுபோல் காரைத் தூக்கி வைத்துக்கொண்டு போகும். டயரில் நம் ஊர்க் காற்று அடிக்கக் கூடாது... நைட்ரஜன் மட்டும்தான்! ஒரு டயர் விலைக்கு ஒரு பைக் வாங்கலாம். இவ்வளவு இருந்தும் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் ஆனால் மறுபடியும் அதே லாரிக்குத்தான் போன் போட வேண்டும்.

மனிதர் தன் உடம்புக்கு ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்துகொண்டதில்லை. காரின் ஆயில் மட்டும் தேதி தவறாமல் மாறும்.

ஞாயிறு தவறாமல் காலை ஆறு மணிக்குத் தன்னந்தனியாக மலை ஏறுவார். ஜமுனாமரத்தூரில் ஒரு டீ. எட்டு மணிக்கு இறங்குவார். வளைவுகளில் டயர் கீச்சிடும் சத்தம்தான் அவருக்குச் சுப்ரபாதம்.

இன்றைக்குச் சுப்ரபாதம் ஏழாவது வளைவோடு நின்றுவிட்டது.

"முன்பக்கம் லெஃப்ட் டயர் வெடிச்சிருக்கு மேடம்," என்றார் கோபால்சாமி. "ஆக்சிடெண்ட்டுனு போட்டு ஃபைலை மூடிரலாமா?"

ரேணுகாதேவி காருக்கு அருகே போனாள். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சக்கரத்தைத் தடவிப் பார்த்தாள். டயர் கிழிந்து தொங்கியது. மிச்சமிருந்த இடத்தில், ரோட்டைப் பிடிக்கும் பட்டன் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பக்கவாட்டில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். அதில் ஒன்றும் ஆச்சரியம் இல்லை. நம் ஊரில் பொட்டு இல்லாத வண்டி எது?

பின் சக்கரத்தைத் தடவினாள். பட்டன் நகம் புதைகிற ஆழத்துக்கு இருந்தது. அடிப்பக்கம் நசுங்கிக் கிடந்த மற்ற இரண்டையும் குனிந்து பார்த்தாள். அவையும் அப்படியே.

மூன்று டயர் புதுசு... ஒன்று மட்டும் கிழடு!

"டயர் விஷயத்துல இவ்ளோ அலட்டிக்கிற மனுஷன், ஒரு காலுக்கு மட்டும் பழைய செருப்பு மாட்டிக்கினு மலை ஏறுவாரா ஏட்டய்யா?"

கோபால்சாமி மூடப் போன ஃபைலை மனதுக்குள் மறுபடியும் திறந்தார்.

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு அழுகுரல்!

ஒரு இளைஞன் சரிவில் சறுக்கிக்கொண்டே வந்தான். முழங்கை சிராய்ந்து ரத்தம். கன்னமெல்லாம் கண்ணீர். டிரைவர் சீட்டுப் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய், நெளிந்து கிடந்த அலாய் வீலைக் கட்டிக்கொண்டு தேம்பினான்.

"தம்பி... பாடி அந்தப் பக்கம் இருக்கு," என்றார் கோபால்சாமி.

அவன் நவீன்குமார். இருபத்தேழு வயது. மலைக்காரன். ஏழாவது வளைவிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. மூன்று வருடமாக அந்தக் காரைக் கழுவி, துடைத்து, காற்று பார்த்து, சர்வீஸ் லாரியில் ஏற்றி இறக்குகிற வேலை. வாரத்தில் ஆறு நாள் ஒடுகத்தூர் மில்லில், ஞாயிறு மட்டும் வீட்டில்.

ரேணுகாதேவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஜீப்ல ஏறு," என்றாள்.

*

பதினொன்றரை மணிக்கு ஸ்டேஷனுக்கு நதியா வந்தாள். தனசேகரனின் மனைவி. வழியெல்லாம் அழுதிருக்க வேண்டும், கண் வீங்கியிருந்தது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நவீன்குமாரைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

"இவன்தான்," என்றாள்.

காரணங்களை வரிசையாக அடுக்கினாள். வியாழக்கிழமை கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் காய்ந்து கறையாகியிருந்ததாம். மில் ஆட்கள் எல்லோரும் பார்க்க அவள் புருஷன் இவனைக் கன்னத்தில் அறைந்தாராம். கழற்றிய பழைய டயர்களெல்லாம் மில் ஷெட்டில்தான் கிடக்கின்றன. ஷெட் சாவி இவன் இடுப்பில். காரில் கை வைக்க இவனைத் தவிர வேறு ஒருவருக்கும் அனுமதி கிடையாது.

கோபால்சாமி உற்சாகமாக எழுதிக்கொண்டே போனார். ஒரே நாளில் முடிகிற கொலைக் கேஸ் அவருடைய சர்வீஸில் இதுதான் முதல் தடவை. சாயந்திரம் மாஜிஸ்ட்ரேட் வீடு. ராத்திரிச் சாப்பாடு ஜெயிலில்.

நவீன்குமார் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். வீட்டில் பாஞ்சாலை என்று ஒரு அம்மா மட்டும். இருபத்தேழு வயதில் கொலைக் கேஸில் உள்ளே போனால், அவன் வெளியே வரும்போது இந்த மாதிரிக் காரெல்லாம் மியூசியத்தில் நிற்கும்.

"டயரை நீ மாத்துனியா?" என்றாள் ரேணுகாதேவி.

"இல்ல மேடம்."

"வேற யாரு?"

"தெரியாது மேடம்."

அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. பொதுவாக இந்தப் பெஞ்சில் உட்காருகிறவர்கள் சாமி, பிள்ளை, தலை என்று எதன் மேலாவது சத்தியம் செய்வார்கள். இவன் சும்மா இருந்தது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

நதியா இன்னும் நிறுத்தவில்லை.

"எங்க வூட்ல அந்தக் காரைக் கட்டின பொண்டாட்டி தொடக் கூடாதுங்க. ஆனா இவன் தொடலாம். போன ஆயுத பூசைக்கு ஆசையா ஒரு சந்தனப் பொட்டு வச்சேன் மேடம். தட்டைப் புடுங்கி வீசிட்டாரு. என்னமோ செராமிக் கோட்டிங்காம், போய்டுமாம். ஒரு பொட்டைக் கழுவ மெட்ராஸ்லருந்து லாரி வந்துச்சு. அன்னியிலருந்து அந்தக் காருக்குச் சாமியும் இல்ல, பூசையும் இல்ல. பொட்டுன்னு பேச்செடுத்தாலே அடிப்பாரு."

ரேணுகாதேவியின் கையிலிருந்த பேனா நின்றது.

பொட்டு!

எழுந்து வெளியே ஓடினாள். வெடித்த சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலில் போட்டிருந்தார்கள். சந்தனமும் குங்குமமும் அவளைப் பார்த்துச் சிரித்தன. செல்போனில் எடுத்த போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

மற்ற மூன்று டயரிலும் பொட்டு இல்லை!

உள்ளே வந்து கோபால்சாமியின் பேனாவைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தாள்.

"ஏட்டய்யா, இந்த டயரை மாட்டுனவனுக்கு அந்தக் காரோட சட்டம் தெரியாது. தெரிஞ்சவன் பொட்டு வப்பானா? பாத்த உடனே முதலாளி காட்டுக் கத்து கத்தி டயரையே கழட்டியிருப்பாரு."

"அப்ப நவீன்குமார்...?"

"அந்தச் சட்டத்தை மூணு வருசமா மனப்பாடம் பண்ணவன் அவன். அவன் கை தூக்கத்துல கூடப் பொட்டு வைக்காது."

"முதலாளி ஏன் மேடம் பொட்டைப் பாக்கல?"

"ஏறுனது காலையில ஆறு மணி, விடிஞ்சும் விடியாத நேரம். டீயும் டிரைவர் கதவுப் பக்கமா நின்னுதான் குடிச்சிருப்பாரு. லெஃப்ட் பக்கம் போய்ப் பாத்தாதானே?"

நதியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பொட்டு விஷயத்தைச் சொன்னதே அவள்தான்.

"சரி... யாரு மாட்டுற ஒவ்வொரு டயருக்கும் பொட்டு வப்பாங்க?" என்றாள் ரேணுகாதேவி.

மலையில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு.

*

கண்ணாயிரம் டயர் கடை. ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில். முப்பது வருடமாக அதே இடம், அதே கம்ப்ரசர், அதே சத்தம்.

பஞ்சர் ஒட்டினாலும் சரி, புது டயர் மாட்டினாலும் சரி, கண்ணாயிரம் கடைசியாக ஒரு பொட்டு வைக்காமல் வண்டியை விடமாட்டார். அவசரம் என்று யாராவது கிளம்பினால் ஓடிப்போய்க்கூட வைப்பார். மலைப்பாதை ஆயிற்றே... ஒட்டியது பசை, காப்பது சாமி என்பது அவர் கணக்கு.

அதோடு ஒரு பழைய தகராறும் இருந்தது. கடைக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் மங்கம்மாள் அதை ரேணுகாதேவியிடம் ஒப்பித்தாள். போன மாதம் தனசேகரன் கார் அங்கே பஞ்சராகி நின்றதாம். உதவி செய்யலாம் என்று கண்ணாயிரம் ஜாக்கியோடு ஓடினாராம். கிரீஸ் கையோடு காரைத் தொட்டால் கையை வெட்டிவிடுவேன் என்றாராம் தனசேகரன். லாரி வருகிறவரை மூன்று மணி நேரம் வெயிலில் நின்றாலும் நின்றார், தொட விடவில்லை. கண்ணாயிரம் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும், இந்த டயர் வெடித்துத்தான் உனக்குச் சாவு என்று மண்ணை வாரித் தூற்றினாராம்.

இதைவிட வேறென்ன வேண்டும்? எப்போது, எப்படி மாட்டினார் என்பதை அவர் வாயாலேயே வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு மணிக்கெல்லாம் கண்ணாயிரம் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தார். மூன்று மணிக்கு நவீன்குமார் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தான். கும்பிட்டான்.

"மேடம்... காரை மேல தூக்குனதும் வெயில்ல போடாதீங்க. பெயிண்ட் மங்கிடும்."

ரேணுகாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஒரு பைத்தியத்தைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

*

நாலு மணி.

கண்ணாயிரம் அடிக்கும் பயப்படவில்லை, அதட்டலுக்கும் பயப்படவில்லை. தான் மாட்டவில்லை என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். கடைசியில் அந்த டயரை ஒரு தடவை கண்ணில் காட்டச் சொன்னார். காட்டினார்கள்.

வாசலில் குந்தி உட்கார்ந்து, சக்கரத்தை மடியில் சாய்த்து, நகத்தால் பொட்டின் ஓரத்தைச் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இருந்தது. தன்னைப் பிடித்ததற்காக இல்லை. தன் தொழிலைக் கேவலப்படுத்தியதற்காக.

"மேடம், பொட்டுக்கு அடியில இன்னா இருக்கு பாருங்க."

"இன்னா இருக்கு?"

"பாலிஷ். டயர் பாலிஷ். பளபளன்னு அடிச்சு, காயவச்சு, அதும்மேல பொட்டு வச்சிருக்கான். பாலிஷ் மேல சந்தனம் நிக்காதுங்க. அதான் விளக்கெண்ணெய்ல கொழச்சு வச்சிருக்கான். நான் முப்பது வருசமா தண்ணியிலதான் கொழைக்கிறேன். பாலிஷ் டப்பாவை எங்க கடைல பாத்தீங்களா நீங்க?"

பார்க்கவில்லை.

"இன்னும் கேளுங்க. இந்தா, ரிம்முல ஈயக்கட்டி ஒட்டியிருக்கு. சக்கரம் ஆடாம சுத்தறதுக்கு வீல் பேலன்ஸ் பண்ணியிருக்கான். வால்வு மூடியைத் தொடச்சு மாட்டியிருக்கான். ரிம்முக்கு உள்பக்கம் கூடச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கான்..."

கண்ணாயிரம் சக்கரத்தைக் கீழே வைத்தார்.

"வெடிக்கப் போற டயருக்கு எவனாச்சும் பேலன்ஸ் பண்ணுவானா மேடம்? கொல பண்றவன் டயரை மாட்டிட்டு ஓடிருவான். இவன் சர்வீஸ் பண்ணிக் குடுத்திருக்கான்."

ரேணுகாதேவிக்கு மூன்று மணிக்கு வந்த சிரிப்பு இப்போது வேறு இடத்தில் போய்க் குத்தியது.

உலகத்திலேயே ஒருத்தன்தான் இப்படிச் செய்வான்!

காரின் சட்டம் தெரியாதவன் வைத்த பொட்டு இல்லை அது. சட்டத்தை முழுசாகத் தெரிந்தவன், தெரியாதவன் மாதிரி வைத்த பொட்டு!

"ஏட்டய்யா... ஜீப்பை எடுங்க."

*

மலை வீடுகளின் தகரக் கூரைகளைப் பார்த்திருக்கிறீர்களா? காற்றில் தகரம் பறந்துவிடாமல் இருக்கப் பழைய டயர்களைத் தூக்கி மேலே போட்டு வைத்திருப்பார்கள். லாரி டயர், டிராக்டர் டயர், பைக் டயர் என்று எது கிடைத்தாலும் போகும்.

நவீன்குமாரின் வீட்டுக் கூரையில் பதினொரு டயர்கள் இருந்தன.

பத்து டயர்கள் வெயிலிலும் மழையிலும் வெந்து, வெடித்து, வெளுத்துப் போய் ஆகாயத்தைப் பார்த்துக் கிடந்தன.

பதினோராவது, பலாமரத்து நிழல் விழுகிற மூலையில், அடியில் ஒரு பலகை வைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் சுற்றி, நாலு பக்கமும் கயிறு கட்டி, தொட்டிலில் தூங்கும் குழந்தை மாதிரி இருந்தது!

நவீன்குமார் வாசலில் நின்றான். அம்மா பாஞ்சாலை சாமைக் கொல்லைக்குப் போயிருந்தாள். நல்லவேளை.

ரேணுகாதேவி கூரையைப் பார்த்தபடியே சாதாரணமாகக் கேட்டாள்.

"பத்து டயர் வெயில்ல கெடக்குது. அது ஒண்ணுக்கு மட்டும் இன்னாத்துக்குப் போர்வை?"

"வெயில் பட்டா ரப்பர் கெட்டுடும் மேடம்..."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

கோபால்சாமி ஒரு மூங்கிலை எடுத்து அந்த மூட்டையைத் தள்ளினார். அது விழுந்து, துள்ளி, உருண்டு வந்து ரேணுகாதேவியின் பூட்ஸில் மோதி நின்றது. கயிற்றை அவிழ்த்தாள். அகலமான புது டயர். அதே கம்பெனி, அதே பட்டன்.

"சனிக்கிழமை மாத்துனேன் மேடம்," என்றான் நவீன்குமார். இப்போது தலை குனியவில்லை. "கடைசி பஸ் மேல போட்டு எடுத்துக்கினு வந்தேன்."

"பொட்டு?"

"அது நீங்களா கண்டுபிடிக்கணும்னுதான் வாயைத் தொறக்காம உக்காந்திருந்தேன். கண்டுபிடிச்சீங்க."

"கண்ணாயிரத்தை மாட்டிவிட்டியேடா."

"அவரு பேரை நான் சொல்லலையே மேடம். நீங்கதானே சொன்னீங்க."

ரேணுகாதேவிக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஒரு அறைக்காகவாடா ஒரு ஆளைக் கொன்ன?"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. கடுக்காய்க் கூடையோடு குப்பம்மா நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி.

"அறை இல்லம்மா," என்றாள். "இவங்கப்பன் முனியனுக்காக."

போன மாசி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. முனியன் ரோட்டோரப் புளியமரத்தில் ஏறிப் புளி உலுக்கிக்கொண்டிருந்தான். கிளை முறிந்தது. தலை பிளந்துவிட்டது. அதே மரத்து நிழலில்தான் தனசேகரன் காரை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த பஸ் மத்தியானம் இரண்டு மணிக்கு. ஆம்புலன்ஸ் கீழேயிருந்து ஏறி வர வேண்டும். நவீன்குமார் அப்பனைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் காருக்கு ஓடினான்.

"சீட்டு வெள்ளைத் தோலு, ரத்தம் பட்டா போவாதுன்னாரும்மா அந்தாளு," என்றாள் குப்பம்மா. "கையில வச்சிருந்த சாவியை அமுக்குனாரு. பீப்புனு ஒரு சத்தம். கதவு பூட்டிக்கிச்சு. அவ்ளோதான்."

முனியனைக் காய்கறி வேனில் போட்டுக்கொண்டு போனார்கள். நாலாவது கிலோமீட்டரில் உயிர் போய்விட்டது. அதே தூரத்தை அந்தக் கார் நாலே நிமிடத்தில் கடந்திருக்கும். நானூறு குதிரையும் நிழலில் நின்று வேடிக்கை பார்த்தன.

"போலீஸ்ல ஏன் சொல்லல?" என்றாள் ரேணுகாதேவி.

"காரைப் பூட்டுறது என்ன செக்ஷன்ல குத்தம் மேடம்?" என்றான் நவீன்குமார்.

அவளுக்குத் தெரிந்து எந்த செக்ஷனிலும் இல்லை.

"காரியம் முடிஞ்ச மறுநாளே வேலைக்குப் போய்ட்டேன். ஆறு மாசம். தினம் அந்த வெள்ளைச் சீட்டைத் தொடச்சேன். தினம் சாயந்திரம் நான்தானே வண்டியைப் பூட்டணும்? பீப்புனு அதே சத்தம். தினம் கேட்டுது மேடம்."

இதை எழுதுகிற எனக்கு, செத்துப் போனவரைப் பற்றி முதல் பக்கத்திலிருந்து கிண்டலடித்ததற்கு இப்போது கொஞ்சம்கூட வருத்தம் இல்லை.

"பாலிஷ் எதுக்குடா போட்ட?" என்றாள் ரேணுகாதேவி மெதுவாக. "அது இல்லாட்டி நீ இப்ப வூட்ல படுத்துத் தூங்கிக்கினு இருப்ப."

"வண்டி மேல எனக்குக் கோவம் இல்ல மேடம். கடைசியா ஓடப் போவுது... அழுக்கா அனுப்ப மனசு வரல."

சட்டத்துக்கு மனசெல்லாம் தெரியாது. ரேணுகாதேவி போனில் கண்ணாயிரத்தை விடச் சொன்னாள். பிறகு கையை நீட்டினாள். நவீன்குமார் விலங்குக்குக் கையைக் கொடுத்தான்.

*

சாயந்திரம் ஐந்தரை. மாஜிஸ்ட்ரேட் வீடு மலைக்குக் கீழே இருந்தது.

ஜீப்பில் ஏறப் போன நவீன்குமார் சட்டென்று நின்றான். விலங்கு மாட்டிய கையோடு குனிந்தான். ஜீப்பின் முன்பக்க லெஃப்ட் டயரை விரலால் தடவினான்.

"மேடம்... இதுல நான் வரமாட்டேன்."

"ஏன், உனக்கும் வெள்ளைத் தோல் சீட்டு வேணுமா?" என்றார் கோபால்சாமி.

"பட்டன் சுத்தமா இல்லீங்க. சைடுல வீக்கம் வேற. வெயில்ல சூடேறிக் கெடக்குது. இதோட மலை இறங்குனா நாலாவது வளைவு தாண்டாது. கேக்கறது உங்க இஷ்டம்."

ரேணுகாதேவி குனிந்து பார்த்தாள். சூடத்தை ஏற்றிக் காட்டினாலே வெடித்துவிடும் போலிருந்தது டயர். புது டயர் கேட்டு அவள் எழுதிப்போட்ட கடிதங்கள் ஒரு ஃபைல் நிறைய இருந்தன. அந்த ஃபைலைத்தான் டயருக்குப் பதிலாக மாட்ட வேண்டும்.

"பின்னாடி ஸ்டெப்னி இருக்கு பாருங்க மேடம். கையை அவுத்துவிட்டா பத்து நிமிசத்துல மாத்திடுவேன்."

கோபால்சாமி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு கொலைகாரன் கையில் அதுவும் டயர் மாற்றுகிற வேலையை யாராவது கொடுப்பார்களா என்று காதோரம் புலம்பினார். அப்படியானால் நீங்களே மாற்றுங்கள் என்றாள் அவள். கோபால்சாமி தன் தொப்பையைப் பார்த்தார். ஜாக்கியைப் பார்த்தார். விலங்குச் சாவியை எடுத்து நீட்டினார்.

நவீன்குமார் வேலை செய்வதைப் பார்க்க அழகாக இருந்தது. சக்கரத்துக்கு முட்டுக் கல் வைத்தான். ஜாக்கி ஏற்றினான். போல்ட்டுகளைக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தான். ஸ்டெப்னியைத் துடைத்து மாட்டினான். போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முறுக்கினான். ஜாக்கியை இறக்கினான். சொன்ன பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்பேனரைத் துடைத்துக் கோபால்சாமியிடம் கொடுத்தான். பாசமாக அந்த டயரை ஒரு தட்டுத் தட்டினான்.

"இப்ப போலாம் மேடம்," என்று சொல்லிவிட்டு ஜீப்பின் பின்பக்கக் கதவருகில் போய் நின்றான். ஜீப் ஓடும்போது வெளியே குதிக்க வசதியான இடம்.

ரேணுகாதேவி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள். ஸ்டார்ட் செய்யவில்லை.

"தம்பி... நீ பின்னாடி வாணாம். முன்னாடி வா. என் பக்கத்துல, லெஃப்ட் சீட்டுல உக்காரு. நீ மாட்டுன டயர் மேல நீயே வந்தாதான் எனக்கு நிம்மதி."

நவீன்குமார் நகரவில்லை.

அவன் பார்வை மெதுவாக அந்தச் சக்கரத்துக்குப் போனது... அங்கேயே நின்றது.

"இன்னாடா யோசிக்கிற?"

எச்சிலை விழுங்கிக்கொண்டு, கோபால்சாமியைப் பார்த்துக் கையை நீட்டினான் நவீன்குமார்.

"ஏட்டய்யா... அந்த ஸ்பேனரை ஒரு நிமிசம் குடுங்க. எல்லா போல்ட்லயும் இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்குது!"